கறிக்கு எடுத்த மீன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டிய நிலம் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எந்த லகரம் எங்கே வரும் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. நம் ஊர் அந்தோனியார் கோயில் திருவிழா மலரை அச்சிடும் தம்பிமார் எழுத்துப் பிழைகளைத் திருத்திப் போடட்டும். ஆனால் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துங்கள். நான் எழுதாத இடத்தில் ‘அழகிய கடற்கரை’ என்று சேர்த்துவிட வேண்டாம்.

வெளிநாட்டு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு படம். என் மகளைக் கட்டப் போகிற பையனின் தகப்பன் எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு அனுப்பிய படம். அதில் நான் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு ஒரு கடற்கரையில் கயிறு இழுத்துக்கொண்டு நிற்கிறேன். என் மனைவி ரீற்றா அதை வாசலுக்கு நேரே மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் “அண்ணை, எந்த இடம் இது, நல்லாயிருக்கு” என்கிறார்கள். நான் “ஸ்பெயின்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறேன். அந்தக் கயிற்றின் மறு முனையில் என்ன வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

1

மொன்றியலில் எங்கள் வீடு சென்ட் லோரன்டில். வாடகை வீடு. வேலையும் பக்கத்திலேயே, மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிற தொழிற்சாலையில். அங்கே இருக்கிற இயந்திரம் கதைக்காது, நானும் கதைக்கத் தேவையில்லை. ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’, இன்னும் கொஞ்சம். இவ்வளவு பிரெஞ்சோடு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். மிச்சத்தை மகள் ஜெனிற்றா எட்டு வயதிலிருந்தே பார்த்துக்கொண்டாள். வைத்தியரிடம், வங்கியில், அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே கூட, அவள்தான் எனக்கு வாய்.

இப்போது அவள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்யில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். அங்கேயே வீடும் எடுத்துவிட்டாள். தனியாகவா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். பிறகு ஒருநாள் ஒலிவியே என்ற பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரப் பையன், இந்த ஊரிலேயே பிறந்தவன். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பேந்து ஒருநாள் மகள் தனியாக வந்து, கலியாணத்தை ஸ்பெயினில் ஒரு கடற்கரையில் வைக்கப் போகிறோம் என்றாள். மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு மீனவக் கிராமமாம். ஒலிவியேயின் தாய் தகப்பன் ஒவ்வொரு கோடைக்கும் அங்கே வீடு எடுப்பார்களாம்.

“கோயில் இருக்கக் கடற்கரையில வைக்கிறதோ?” என்றேன்.

“அப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு வேண்டாமெண்டால் வேண்டாம். நீங்கள் ஓம் எண்டாத்தான் அங்க வைப்பம்.”

“கடற்கரையை நான் பாக்காததோ?”

ரீற்றா இடையில் விழுந்தாள். “அவள் மரியாதையாக் கேக்கிறாள் தானே. போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோவன். விமானச் சீட்டும் அவளே எடுத்துத் தாறாளாம்.”

என் பதில் அப்போதே எனக்குத் தெரியும். வேண்டாம் என்பதுதான். ஆனாலும் வாறன் என்றேன். நான் ஓம் சொன்னால்தான் ஒரு காரியம் நடக்கும் என்பது இந்த நாட்டில் எனக்குப் புதிது. என்னைக் கேட்டு இங்கே எதுவும் நடப்பதில்லை. அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லை ஒரு கிழமை, ஏழு நாளும், மடியில் வைத்திருந்துவிட்டு, கடைசி நாளில் எடுத்து வைப்போம் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

2

விமான நிலையத்தில் உத்தியோகத்தன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். எனக்குப் பின்னால் நின்ற மகள் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவேயில்லை. என் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி அவள் கையில் கொடுத்தான், சிறுபிள்ளையின் புத்தகத்தைத் தாயிடம் கொடுப்பது போல.

கிராமத்தின் பெயர் என் வாயில் நுழையாது. எழுதினாலும் பிழையாகத்தான் எழுதுவேன். வெள்ளைச் சுவர், நீலக் கதவு. கரையில் வள்ளங்கள் வரிசையாக இருந்தன, புதுப் பெயின்ற் அடித்து. ஒன்றில் மண் நிரப்பிப் பூக்கன்று நட்டிருந்தார்கள். வலைகள் சாப்பாட்டுக் கடைகளின் கூரையில் தொங்கின. கருவாடு இல்லை, காகம் இல்லை, நாய் இல்லை. மீனவக் கிராமத்தில் மீன் நாற்றம் இல்லை. மீனவர்கள் எங்கே என்று மகளை விசாரிக்கச் சொன்னேன். வீடுகளை எங்களைப் போல வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மேட்டில் மாடிக் கட்டடங்களில் இருக்கிறார்களாம். மீன் வேறு ஊரிலிருந்து லொறியில் வருகிறதாம்.

கரை முழுவதும் கூழாங்கல். கடல் வற்றவும் இல்லை, பெருகவும் இல்லை, தொட்டித் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அதற்கு முன்னால் வயதான ஆண்களும் பெண்களும் பாதி உடுப்போடு, அவித்த நண்டின் நிறம் வரும்வரை படுத்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் கதைப்பதும் இல்லை. அமைதி, அமைதி என்று அதைத்தான் புகழ்ந்தார்கள். எங்கள் கரையில் சத்தமில்லாத நாள் என்றால் மீன் படவில்லை, அல்லது கடலுக்குப் போகத் தடை, அல்லது சாவு.

எங்கள் கரை இதைவிட அழகு என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் கரை நாறும். அங்கே எனக்கு மிச்சம் கிடைத்தது கையில் தழும்பு. வலைக் கயிறு இழுக்க ஆள் குறைகிறது என்றுதான் என் தகப்பன் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். மொன்றியலில் சில பேர் பிறந்தநாள் விழாக்களில் ஊர்க் கடற்கரையை நினைத்துக் கண்ணைத் துடைக்கிறார்கள். அவர்கள் வீட்டார் மீன் வாங்கக் கரைக்கு வருகிறபோது லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தது எனக்கு நல்ல ஞாபகம். அந்த அழுகைக்கும் இந்தப் பெயின்ற் வள்ளத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

3

ஒலிவியேயின் தகப்பன் பெயர் ஜீல். தாய் லூயிஸ். கெட்ட மனிதர்கள் இல்லை. அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவர்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கலாம். இவர்கள் எந்நேரமும் சிரித்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவார்கள்.

ஜீல் ஒருநாள் நீளமாக ஏதோ சொன்னார். மகள் திருப்பிச் சொன்னாள்.

“உங்கட அப்பாவும் மீன்பிடிகாரர் தானே, அதால உங்களுக்கு இஞ்ச வீட்டில இருக்கிற மாதிரி இருக்குமாம்.”

“எந்த வீடு எண்டு கேள்.”

“அப்பா.”

பிறகு அவள் அவர்களிடம் பிரெஞ்சில் ஒரு பெரிய கதையே சொன்னாள். புருஷனும் பெண்சாதியும் மகிழ்ந்துபோய்ச் சிரித்தார்கள். நான் சொன்னது நாலு சொல்.

சாப்பாட்டுக் கடையில் மீனுக்குத் தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மேசைக்குக் கொண்டுவருவார்கள். லூயிஸ் இறாலைக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் உரித்தார். ஒரு இறால் உரித்து முடிய நான் தட்டைக் காலியாக்கிவிட்டேன். ரீற்றா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

கலியாணம் வைக்கப் போகிற இடத்தை ஜெனிற்றா காட்டினாள். வள்ளம் ஏற்றுகிற சரிவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம்.

“இதில கதிரை. அந்தப் பழைய வள்ளத்தை நிமித்தி வைச்சுப் பூச் சோடிக்கிறது. நாங்கள் அதுக்கு முன்னால நிப்பம்.”

“சுவாமி எங்க நிண்டு பூசை வைப்பார்?”

“சுவாமி இல்லை அப்பா. ஒலிவியேயின்ர சிநேகிதன் ஒருத்தன் வாசிப்பான்.”

“என்னத்தை?”

“நாங்கள் எழுதினதை.”

வேதாகமம் போதாதென்று இவர்கள் வேறு எழுதுகிறார்கள். நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் வள்ளம் ஏற்றுகிற இடத்தில், கடலில் போனவர்களைத்தான் கொண்டுவந்து கிடத்துவார்கள். என் சித்தப்பாவை அப்படித்தான் கிடத்தினார்கள். அதை அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மொழிபெயர்த்துவிடுவாள்.

“என்ன, பிடிச்சிருக்கோ?” என்று கேட்டாள்.

“போகேக்க சொல்லுறன்” என்றேன்.

4

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில் ஒரு கோயில் இருந்தது, பூட்டியிருந்தது. பாட்டுக் கச்சேரிக்கு மட்டும் திறப்பார்களாம். பூசை இல்லாத ஞாயிறு என்று ரீற்றா காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலையிடி என்று அறையில் படுத்துவிட்டாள். நாங்கள் மற்றவர்கள் கரைக்குப் போனோம்.

அங்கே ஒருவன் ஒலிபெருக்கியோடு நின்று ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தான். சிவப்புத் துண்டை இடுப்பில் கட்டி, ஒரே மாதிரிக் கோடு போட்ட சட்டை அணிந்த ஆட்கள் கரையில் நின்று இரண்டு பக்கக் கயிற்றாலும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வலையை அரசாங்கம் எப்போதோ நிறுத்திவிட்டதாம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழைய முறையில் இழுத்துக் காட்டுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமையில் வலை. எங்கள் ஊரில் சம்மாட்டி, அதுதான் வலைக்குச் சொந்தக்காரர், அன்று கடலைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

சுற்றி நின்ற சனம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. எங்கள் பக்கக் கயிற்றில் இரண்டு கிழவர்களும் ஒரு இளம் பெட்டைப் பிள்ளையும்தான். கிழவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். யோசித்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். கூட்டத்துக்கு நடுவில் போய் நிற்கிற ஆள் நான் இல்லை. காற்சட்டையை மடித்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டேன். கிழவர் தலையை ஆட்டி, தள்ளி நின்று இடம் விட்டார். ஜீல் ஓடி ஓடிப் படம் எடுத்தார். வீட்டு வாசலில் இப்போது தொங்குவது அதுதான்.

வலையின் அடிப்பை, எங்கள் பேச்சில் மடி, கரை ஏறியது. அரைக் கூடைகூட வராது. சூடை மாதிரிச் சின்ன மீன், கொஞ்சம் மணலை மீன், ஒரு கணவாய். அதற்குச் சனம் கை தட்டியது. நாங்கள் வயிற்றுப்பாட்டுக்கு இழுத்த காலத்தில் கை தட்ட ஒருவரும் இருக்கவில்லை.

இதைக் கடல் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கரையில், வலை கரை ஏறும்வரை கயிற்றில் கை வைத்தவன் எவனாக இருந்தாலும், வழிப்போக்கனாக இருந்தாலும், கறிக்கு மீன் எடுப்பான். அது கூலி இல்லை. கூலி வேறு. கேட்டு எடுக்கிறதும் இல்லை. சம்மாட்டி அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி நிற்பார். நீ குனிந்து, பெரிய மீனைத் தொடாமல், உன் சட்டிக்கு அளவாக எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கேட்டால் அவரைக் கஞ்சன் என்று சொன்ன மாதிரி. எடுக்காமல் போனால் அதைவிட மோசம். “ஏன்டா, என்ர வலை மீன் உனக்கு நாறுதோ?” என்று அடுத்த நாள் சந்தியில் வைத்துக் கேட்பார்.

நான் எடுத்தேன். மணலையில் சின்னதாக நாலைந்து. ஜெனிற்றா சின்னப் பிள்ளையில் கணவாய்க் கறி என்றால் சட்டியை வழிப்பாள், அதனால் அந்தக் கணவாயையும். துவாயில் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கிழமையில் முதல் முறையாக எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

பின்னால் ஒலிபெருக்கியில் சத்தம் கேட்டது. வேறு யாரையோ என்று நினைத்தேன். அவன் ஓடி வந்து என் துவாயைப் பிடித்தான். தன் மொழியில் படபடவென்று சொன்னான். வலையைப் பார்த்துக்கொண்டிருந்த போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பிறகு மகள் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பிடித்த மீனைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பக் கடலுக்குள் விட வேண்டுமாம். அந்த நிபந்தனையில்தான் அனுமதியாம். இழுக்கிறது எறிகிறதுக்கு. அப்படி ஒரு தொழிலை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் கயிறு பிடித்தவன் என்று சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்வது? வாயில் வந்தது “மெர்சி.” அவன் இன்னும் கோபப்பட்டான்.

ஜெனிற்றா வந்தாள். எனக்கு ஆறுதல் வந்தது. கறிக்கு மீன் எடுக்கிற கதையை அவள் சின்னவளாக இருக்கும்போது எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது அவனுக்கு அதை விளங்கப்படுத்துவாள் என்று நின்றேன். அவள் ஆங்கிலத்தில் சின்னதாக ஒன்று சொன்னாள். அந்த ஆங்கிலம் எனக்குத் தெரியும். ‘அவருக்கு விளங்காது.’ எத்தனை கந்தோரில், எத்தனை யன்னலுக்கு முன்னால் அந்த வசனத்தை அவள் வாயால் கேட்டிருக்கிறேன். அதுவரைக்கும் எனக்காகச் சொன்னாள். அன்றைக்கு என்னைப் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு, என் கையிலிருந்த துவாயை வாங்கி அவனிடம் கொடுத்தாள்.

அவன் மீனைக் கொண்டுபோய்த் தண்ணீரில் கொட்டினான். அவை ஏற்கெனவே செத்துவிட்டன. வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சனம் அதற்கும் கை தட்டியது. ஜீல் வந்து என் முதுகில் தட்டி “பிராவோ” என்றார்.

5

பின்னேரம் நான் வீட்டுக்குப் பின்பக்கப் படியில் இருந்தேன். ஜெனிற்றா வந்து பக்கத்தில் இருந்தாள்.

“ஏன் அப்பா கேக்காமல் எடுத்தனீங்கள்?”

“கேட்டு எடுக்கிறதில்லை. உனக்குத் தெரியும் தானே.”

“இது உங்கட ஊர் இல்லை.”

“கயிறு பிடிச்சனான்.”

“பிடிக்கச் சொல்லி ஆர் கேட்டவை?”

கொஞ்ச நேரம் அவள் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“நானும் ஒலிவியேயும் கதைச்சனாங்கள். கோயிலிலயே வைப்பம். மொன்றியலில, எங்கட கோயிலில.”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே.”

“நீங்கள் சொல்லத் தேவையில்லை. அங்க எண்டால் உங்களுக்கு எல்லாம் தெரியும். எப்ப எழும்புறது, எப்ப இருக்கிறது. எங்கட சனம் தான் நிக்கும். உங்களை ஒருத்தரும் பாக்க மாட்டினம்.”

கோபமாகச் சொல்லவில்லை. முதியவர்களுக்கு பஸ்ஸில் இடம் விடுகிற குரலில் சொன்னாள். என் தோளைத் தட்டிவிட்டு எழும்பிப் போனாள்.

ரீற்றாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. “பாத்தீங்களே, அந்தோனியாரிட்ட நேந்தனான், கேட்டிட்டார்” என்றாள். எனக்கு வேண்டியது வேண்டியபடியே கிடைத்துவிட்டது. வேண்டாம் என்ற சொல் மட்டும் செலவாகாமல் மடியில் கிடந்தது. மிச்ச நாட்களில் அந்தக் கரைப்பக்கம் நான் போகவில்லை.

6

திரும்பி வந்தபிறகு எல்லாம் கடதாசி வேலை. ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், கலியாணத்துக்கு முன் வகுப்பு. கடவுளை நம்பாத ஒலிவியே கடைசி வாங்குப் பலகையில் இருந்து அந்த வகுப்பைக் கேட்கிறான். மாலையில் மெற்றோவில் வந்து இறங்கி, கோயில் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். என் வீடு அங்கிருந்து இரண்டு மெற்றோத் தரிப்புத்தான். வருவதில்லை. “நேரமில்லை அப்பா” என்கிறாள். வேலைத்தலத்தில் ஒரு தம்பி சொன்னான்: “அண்ணை, உங்கட பிள்ளை கோயிலில முடிக்கிறாள். எங்கட பிள்ளையள் எங்கள எங்க கேக்குதுகள்? நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்.” ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தக் கரையைப் பற்றி என் எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை. அது மீனவக் கிராமம் இல்லை, மீனவனின் உடுப்பைப் போட்ட கடை. அங்கே கலியாணம் கட்டுகிறவர்கள் விசர் பிடித்த சனம். இதை யாருக்கு முன்னாலும் சொல்வேன். என்றாலும் இன்று சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து, போத்தல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அவளுக்குப் போன் எடுத்தேன். அவள் பக்கத்தில் ஆட்கள் பிரெஞ்சில் கதைக்கிற சத்தம் கேட்டது.

“என்னப்பா, அம்மாவுக்கு ஏதும் சுகமில்லையோ?”

“அம்மா நல்லா இருக்கிறா. ஓம் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்.”

“எதுக்கு ஓம்?”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். “அப்பா, எதுக்கு?” என்று அவள் திரும்பவும் கேட்டாள். கடற்கரைக் கலியாணத்துக்கு என் ஓம் வேண்டும் என்று கேட்டது அவளுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

“ஒண்டுமில்லை பிள்ளை. மணி அடிச்சிட்டுது, போறன்” என்றேன். மணி அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு, ரீற்றா கோயிலுக்குப் போயிருக்கிற நேரத்தில் இதை எழுதி முடித்தேன்.

புரட்டாதி மாதம் பதினெட்டாம் திகதி, வியாழக்கிழமை.